மணிநா கட்டிய தேரும் குண்டு விழுந்த ஊரும்

கடலூரில் குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் உண்டு. குண்டு சாலை என்றொரு சாலையும் உண்டு. பெயர்க்காரணம் வினவும் மாணவர்க்கு நாம் 1690ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்வது வழக்கம். எலிஹு யேல் சென்னையில் ஆளுநராக இருந்த காலம் அது. செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கினர். அதுவே புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. கோட்டையோடு சேரும் நிலத்தின் எல்லையை அளக்க அவர்கள் கோலையும் கயிற்றையும் நாடவில்லை. பீரங்கியைச் சுட்டனர். குண்டு போய் விழுந்த இடம் வரையில் உள்ள ஊர்கள் கம்பெனிக்கு உரியவை ஆயின. அவையே குண்டு கிராமங்கள்.

அதே கடலூரின் தெருக்களில், உள்தடுப்புகள் நீக்கப்பெற்ற சைலன்சரோடு ஒரு மோட்டார் சைக்கிள் நள்ளிரவில் கடந்து செல்கையில், இந்தப் பழைய நில அளவை நம் நினைவுக்கு வருகிறது. வெடியோசை எட்டும் தூரம் முழுவதும் அந்தச் சில நொடிகளுக்கு ஓட்டுபவரின் ஆளுகைக்கு உட்பட்டுவிடுகிறது. இவ்வோசைக்கு எல்லை வகுக்க மனிதர் முயன்ற வரலாறு சுவையானது. இன்று புதிய சைலன்சர் வாங்க எண்ணும் இளைஞர்க்கு அது பயனுடையதும் ஆகும்.

ஊர்தியின் ஓசையை அடக்கும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. அகநானூற்றின் நான்காம் பாடலைப் பாடியவர் குறுங்குடி மருதனார். கார்காலம் தொடங்கிவிட்டது, தலைவன் இல்லம் நோக்கி விரைந்து வருகிறான். மலரில் தேனுண்ணும் வண்டினம் அஞ்சிக் கலையுமே என்று, தேர்மணிகளின் நாவைக் கட்டி ஒலியடக்கி வருகிறான் என்பது அப்பாடல் காட்டும் செய்தி. அவனைத் தடுக்கச் சட்டமோ தண்டமோ இல்லை. கேட்கும் உயிரின் நிலையிலிருந்து அவன் தன் தேரின் ஓசையை அளந்தான்.

எந்திர ஊர்திக்கு நா இல்லை; குழல் உண்டு. உருளைக்குள் எரிந்த வாயு மிகுந்த அழுத்தத்தோடு வெளியேறும்போது பிறக்கும் அதிர்வே வெடியோசை. அவ்வாயுவை அகன்ற அறைக்குள் விரியச் செய்தும், தடுப்புகளில் மோதித் திரும்பச் செய்தும், இழைப்பஞ்சில் அமிழச் செய்தும் ஓசையைக் குறைப்பதே சைலன்சரின் வேலை. அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் தொடக்ககால வண்டிகள் பலவற்றில், வேண்டும்போது சைலன்சரைத் தவிர்த்து வாயுவை நேரே வெளியேற்றும் திறப்பு ஒன்றும் இருந்தது. அதற்குக் ‘கட்-அவுட்’ என்று பெயர். திரையரங்க வாசலில் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஓசைக்கு எதிரான வழக்குகளுள் புகழ்பெற்றது இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தைப் பற்றியது. 1907இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் அண்டை வீட்டார் ஓசை தாளாமல் நீதிமன்றம் சென்றனர். இரவுப் போட்டிகள் நின்றன. இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம் நடத்த விரும்பியோர், 1929இல் அதனைப் பகலில் பன்னிரண்டு மணிநேரமாக இரு நாள்களுக்குப் பிரித்தே நடத்த வேண்டியதாயிற்று. 1920களின் நடுப்பகுதியிலிருந்து பந்தய வண்டிகளுக்கும் சைலன்சர் கட்டாயம் ஆக்கப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. அத்தடத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தில் ஒரு சுற்று முடிப்போர்க்குத் தங்க நட்சத்திரச் சின்னம் வழங்குவர். 1937இல் வால்டர் ஹேண்ட்லி பி.எஸ்.ஏ. வண்டியில் அச்சிறப்பைப் பெற்றார். அதன் நினைவாக அந்நிறுவனம் தன் அடுத்த வண்டிக்குக் ‘கோல்ட் ஸ்டார்’ என்று பெயர் சூட்டியது. இன்று நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் புல்லட்டுக்கென விற்கும் ஓசை மிகுந்த சைலன்சர்களுள் ஒன்றின் பெயரும் கோல்ட் ஸ்டார்தான். சைலன்சர் கட்டாயமாக இருந்த தடத்தில் ஈட்டிய பெயர், சைலன்சரின் பயனையே போக்கும் குழாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

புல்லட்டின் தமிழக வரலாறு 1955இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 346 சி.சி. கொள்ளளவும் ஒற்றை உருளையும் உடைய அவ்வண்டியில் இரு சுழற்சிக்கு ஒருமுறையே எரிதல் நிகழும். சுழற்சி நிமிடத்துக்கு ஆயிரம் எனில் வெடிப்பு ஐந்நூறு; நொடிக்கு எட்டுக்குச் சற்று மேல். காது ஒவ்வொன்றாக எண்ணத்தக்க இவ்விடைவெளியே ‘டப் டப்’ என்னும் அதன் தாளத்துக்குக் காரணம். காவல் ஆய்வாளரும் ஊர்ப் பெரியவரும் வருவதை முன்னறிவித்த தாளம் அது. இளைஞர் இன்று விலைகொடுத்து வாங்க முனைவது அந்தப் பெருமிதத்தையே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தாளம் எந்திரத்தின் கொடை. உரத்த ஓசை தடுப்பை நீக்கியதன் விளைவு. சைலன்சர் பழுதின்றி இருந்தாலும் தாளம் கெடாது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டிக்கும் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் கட்-அவுட் பயன்பாட்டைத் தடுத்தன. ‘இயன்ற அளவு’ என்பது ஆளுக்கொரு பொருள் தரும் சொல். ஆகவே எண்கள் தேவைப்பட்டன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, 80 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80 என்பன வரம்புகள்.

இவ்விடத்தில் இளைஞர் பலர் இடறுகின்றனர். ‘80 டெசிபலுக்கு உட்பட்டது’ என்று கடைக்காரர் சொன்னால் போதும் என எண்ணுகின்றனர். அவ்வெண் உற்பத்தி நிலைக்கு உரியது. திறந்த வெளியில், வகுத்த முறைப்படி வண்டி விரைந்து கடக்கையில், 7.5 மீட்டர் தொலைவில் முழு வண்டியையும் அளந்து பெறுவது. தனிக் குழாய் ஒன்றுக்கு அந்த எண்ணைப் பொறித்துவிட்டால் அது சான்றாகாது. ஐரோப்பிய ஒப்புதல் முத்திரையும் இந்திய விதிகளின்கீழ் ஒப்புதல் ஆகாது. வேண்டும்போது செருகிக் கழற்றும் ஒலித்தடுப்பு, பழைய கட்-அவுட்டின் மறுபிறவியே. புதிய வண்டிகளில் நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கியும் வெளியேற்றுக் குழாயிலேயே இருப்பதால், அதனை அகற்றுவோர் புகை விதியையும் மீறுகின்றனர்.

தண்டம் சிறிதன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒலி வரம்பை மீறி ஓட்டுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. மூன்று மாதம் உரிமமும் தடைப்படும். அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளர்க்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஆகவே பாதுகாப்பான வழி ஒன்றே: வண்டியோடு வந்த சைலன்சர், அது துருப்பிடித்தால் அதே வகை, அல்லது அந்த வண்டிக்கென முறையான ஒப்புதல் பெற்று உற்பத்தியாளரே விற்பது. அதற்குரிய பட்டியலையும் சான்றையும் கைவசம் வைத்திருத்தல் நலம்.

பல நகரங்களில் பறித்த சைலன்சர்களைச் சாலையில் பரப்பி உருளை ஏற்றி நசுக்குகின்றனர். காட்சிக்கு நன்று. ஆனால் பொருத்துவோர் தண்டம் கட்ட, விற்போர் கடை திறந்தே இருப்பின் அடுத்த வாரமும் அதே காட்சி தொடரும்.

இப்போது குண்டு விழுந்த தூரத்துக்கு மீள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஓசை 6 டெசிபல் குறையும். 7.5 மீட்டரில் 80 டெசிபல் எழுப்பும் வண்டியின் ஓசை 45க்குத் தாழ, ஏறக்குறைய 420 மீட்டர் வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த இரவு வரம்பு 45. அது நேரச் சராசரி. கடந்து செல்லும் ஒரு கணத்தின் அளவன்று. எனினும் ஒப்பிட உதவும். தடுப்பை நீக்கியதால் ஓசை 90 ஆயின், அதே 45க்குத் தாழ 1,300 மீட்டருக்கு மேல் வேண்டும். பத்து டெசிபல் கூடினால் ஆளுகையின் எல்லை மும்மடங்கு விரிகிறது. பரப்போ பத்து மடங்கு.

சிதம்பரத்தில் அப்பரப்புக்குள் அகப்படுவோர் யார் என எண்ணிப் பார்க்கலாம். கோயிலைச் சூழ்ந்த நான்கு வீதிகளிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. அண்ணாமலை நகரில் 1929இல் தோன்றிய பல்கலைக்கழகமும், இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக விளங்கும் பெருமனையும் உள்ளன. வகுப்பில் பாடம் நடக்கையில் ஓசை கடந்து செல்லும்வரை நாம் பேச்சை நிறுத்திக் காத்திருப்பதுண்டு. பாடத்தைப் பிறகு தொடரலாம். அறுவை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த நோயாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓட்டிச் செல்பவர் பெரும்பாலும் நம் மாணவரே. மெய்யாகவே நல்ல பிள்ளைகள். அகநானூற்றுத் தலைவன் வண்டுகளைக் கண்டான், நாவைக் கட்டினான். இவர்கள் தம் ஓசை போய் விழும் இடத்தை ஒருமுறையேனும் கண்டதில்லை. காட்டுவது ஆசிரியர் வேலை.