பேயுமல்ல, பித்தமுமல்ல!

கம்பம் பள்ளத்தாக்கிலே, திராட்சைப் பந்தலின் கீழ் நின்று, அண்ணாந்து பார்த்துக் குலை நறுக்குவது நம் அத்தையின் தொழில். ஒருநாள் தலை நிமிர்த்தியவர் தரையிலே சாய்ந்தார். பந்தல் சுழன்றது, மலை சுழன்றது என்றார். ஒரு நிமிடத்திற்குள் அடங்கிற்று. மறுநாள் படுக்கையில் புரண்டபோது மீண்டும் அதே சுழற்சி. ஈராண்டு இதே கதை!

ஊர் சும்மா இருக்குமா? பித்தம் தலைக்கேறிவிட்டதென்று இஞ்சிச் சாறு தந்தது. அந்தி நேரத்தில் ஆற்றங்கரையில் நடந்ததால் காற்றுக்கருப்பு அண்டிவிட்டதென்று தாயத்துக் கட்டியது. சரி, படித்தவர்களிடம் போவோம் என்று புறப்பட்டோம். ஓரிடத்தில் இரத்த அழுத்தம் என்றார்கள்; இன்னோரிடத்தில் இரத்தச்சோகை; மூன்றாமிடத்தில் கழுத்தெலும்புத் தேய்வு, கழுத்துக்கு ஒரு பட்டை. மந்திரிப்பவனைக் கண்டு நகைக்கும் நாம், மாத்திரைச் சீட்டைக் கண்டதும் வாய் மூடிக்கொண்டோம். "எப்போது சுற்றுகிறது? எவ்வளவு நேரம் சுற்றுகிறது?" — இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டவர் எவருமில்லை. கேட்கச் சொல்லவும் நமக்குத் தோன்றவில்லை!

தோழர்களே, இந்தத் தடுமாற்றம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அறிவொளி வீசிய பாரிசு நகரிலேயே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், திடீர்த் தலைசுற்றலை மூளையில் குருதி தேங்கும் நோயென்றே பெரிய மருத்துவர்கள் கருதினர். எனவே இரத்தத்தை வடித்தனர், அட்டைகளைக் கடிக்கவிட்டனர். பிராஸ்பர் மெனியே என்பார் அங்கே செவிடர்–ஊமையர் கல்விக்கூடத்து மருத்துவர். காது மந்தம், காதில் இரைச்சல், தலைசுற்று ஆகிய மூன்றும் ஒன்றாக வருவதை அவர் கண்டார். 1861 சனவரியில் மருத்துவக் கழகத்தின் முன் சொன்னார்: குற்றம் மூளையிலன்று, உட்செவியில்! திடீரெனச் செவிடாகித் தலைசுற்றி மாண்ட ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்ததில் மூளை பழுதின்றியிருந்ததையும், செவியின் அரைவட்டக் குழாய்களில் மட்டும் மாறுதல் இருந்ததையும் சான்றாக வைத்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் பெயர் அந்நோய்க்கு வந்தது பிற்பாடுதான்.

மெனியேக்கு வழிகாட்டி ஒரு புறா. 1824இல் ஃப்ளூரென்ஸ் என்பார் புறாவின் அரைவட்டக் குழாயை வெட்டிப் பார்த்தார். பறவை செவிடாகவில்லை, சுழன்று சுழன்று விழுந்தது. கேட்பதற்கென்று மட்டுமே எண்ணியிருந்த காது, நம்மை நிமிர்த்தி நிறுத்துகிற உறுப்புமாம்!

அடுத்தவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. நோயாளியின் காதை நீரால் கழுவினார். நோயாளி தலை சுற்றுகிறதென்றார், விழிகள் ஒரு பக்கமாகத் துள்ளின. நீர் குளிர்ந்திருந்ததுதான் காரணமோ என்று சுடுநீர் ஊற்றினார். விழிகள் எதிர்ப்பக்கம் துள்ளின. உடல் வெப்ப நீருக்கோ ஒன்றுமேயில்லை. காதின் நிலையைக் கண் காட்டிக்கொடுக்கும் சோதனை பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, அவர் உருசியரிடம் போர்க்கைதி! 1916இல்தான் விடுதலை.

தமிழகத்துக்கும் இதிலே ஒரு பக்கமுண்டு. சென்னையில் 1956இல் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் தோன்றிற்று. உயிர் காத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியே உட்செவியின் சமநிலை உணர்வணுக்களைக் கெடுத்துத் தள்ளாட வைப்பதும் உண்டு. மருந்தும் தலைசுற்றலுக்குக் காரணமாகலாம் என்பதை ஊசி போட்டுக்கொண்டவர்கள் உடலால் அறிந்தார்கள்.

அத்தையின் நோய்க்குரிய சோதனை 1952இல் இலண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விளக்கியது. நோயாளியை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, விரைவாக மல்லாத்தி, விழிகளைப் பார்ப்பது. அவ்வளவே! காசு பிடுங்கும் கருவி ஏதும் வேண்டாம். உட்செவியில் கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலை அசையும்போதெல்லாம் குழாயின் நீர் தவறான செய்தி அனுப்புகிறது. அமெரிக்கரான எப்லி, தலையை முறையாகத் திருப்பித் திருப்பித் துகளை வெளியேற்றும் வழியை 1980 அளவில் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992இல்தான் அவரது விரிவான கட்டுரை வெளிவந்தது.

கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது 1954இல். தேனி மாவட்டத்துக்கென்று க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்ததோ 2004இல். அதற்கு முந்திய அரை நூற்றாண்டில் எத்தனை அத்தைகள் பேயாடினார்களோ!

கடைசியில் ஒரு காது மருத்துவர் கேட்டார், "எப்பொழுது சுற்றுகிறது அம்மா?" "பந்தலை அண்ணாந்து பார்த்தால், ஐயா. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால்." "எவ்வளவு நேரம்?" "நூறு எண்ணுவதற்குள் நின்றுவிடும்." மல்லாத்தினார், விழி துள்ளியது, தலையைத் திருப்பினார், பத்து நிமிட வேலை. மணிக்கணக்கில் சுற்றிக் காதும் அடைத்தால் மெனியே நோயாக இருக்கலாம், பேச்சு குழறினாலோ கைகால் தளர்ந்தாலோ காத்திராமல் பெரிய ஆசுபத்திரிக்கு ஓடிவாருங்கள், இது மறுபடியும் வரக்கூடும், வந்தால் அஞ்சாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

திரும்புகையில் பேருந்திலேயே கழுத்துப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார் அத்தை. தாயத்தைக் கழற்றவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்டா" என்றார். அதைப் பற்றி வீட்டில் இன்னும் வாதம் நடக்கிறது.