பழைய மாரியும் புதிய கணிப்பும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரையும் போரையும் ஆராய்வர். அந்நாட்டின் மழையை ஆராய்வோர் சிலரே. ஆயினும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் கீழ்க்கரையில் மழையை விலக்கி வரலாறு எழுதுதல் இயலாது. கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் அமைக்கப்படுமுன், இங்குள்ள வயல் வட்டைகள் பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றின் மாரியையே நம்பியிருந்தன. மாரி பொய்த்தால் கடன் பெருகும். மிகுந்தால் பயிர் அழுகும்.

சென்ற நூற்றாண்டுகளின் மாரியை இன்று அறிவது எங்ஙனம்? அதற்குரிய சான்றுகள் இருவகையின. மனிதர் எழுதிவைத்தவை ஒருவகை. சென்னை வானாய்வு நிலையத்தில் 1796 முதலே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் 1789 முதல் 1834 வரை எழுதிய நாட்குறிப்புகளுள் 891 அண்மைக் காலத்தில் படியெடுக்கப்பட்டன. மரத்தின் ஆண்டு வளையம், பவளப்பாறை, பனிப்படை ஆகியவற்றில் இயற்கை பதித்துவைத்தவை மற்றொரு வகை.

இவை யாவும் அங்குமிங்கும் சிதறிக் கிடப்பவை. இடைவெளியை நிரப்புவதற்கு அறிஞர் கணினி மாதிரியின் துணையை நாடினர். காற்று, வெப்பம், நீராவி ஆகியவற்றை ஆளும் பௌதிக விதிகளே அம்மாதிரியின் உயிர். மாதிரி முதலிற் சில மணி நேரத்துக்குரிய வானிலையைக் கணிக்கும். அந்நேரத்திற் பாரமானி காட்டிய அமுக்கத்தோடு ஒப்பிட்டு அக்கணிப்புத் திருத்தப்படும். திருத்தியதிலிருந்து அடுத்த கணிப்புத் தொடங்கும். ‘இருபதாம் நூற்றாண்டு மீள்பகுப்பாய்வு’ என்னும் முயற்சியின் மூன்றாம் பதிப்பு இவ்வாறே 1836 முதலான வானிலையை மீட்டமைத்தது. அதில் 80 கணிப்புகள் ஒருங்கே நடைபெறும். அவை தம்முள் ஒத்துச் செல்லுமிடத்து நம்பிக்கை மிகும். பிரிந்து செல்லுமிடத்து ஐயம் மிகும். தன் ஐயத்தின் அளவையும் உடன் கூறுவது இம்முறையின் சிறப்பாகும்.

இதன் பயனை 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் விளக்கும். சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்துக்கு அஞ்சிப் பலர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தனர். பழைய அளவீடுகளையும் மர வளையங்களையும் கடல் வெப்பநிலையையும் சேர்த்து நோக்கிய 2018 ஆம் ஆண்டு ஆய்வு, 1877–78 இற் பசிபிக் கடலில் எழுந்த கடும் எல் நினோவை அவ்வறட்சியின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டிற்று. அவ்வாறாயின் ஆட்சியாளர் மீது பழியில்லையோ எனின், உண்டு. மழை பொய்த்தது இயற்கை. மக்கள் பசித்திருக்கத் தானியம் ஏற்றுமதியானது ஆட்சி. வானத்தின் பங்கு தெளிவுற்ற பின்னரே மனிதரின் பங்கும் தெளிவுறும்.

எனினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. மேற்கூறிய மாதிரியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் அகலமுடையது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய கல்முனைக் கரை அதனுள் மறைந்துவிடும். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி போன்றவற்றின் முழு வலிமையும் அத்தகைய பெருங்கட்டங்களிற் புலப்படாது. அன்று தென்னைகள் எத்திசை சாய்ந்தன, எவ்வேளை காற்று மாறிற்று என்பவற்றை முதியோர் நினைவே உரைக்கும்.

இன்னுமொன்று. அம்முயற்சியிற் கணிப்பைத் திருத்தப் பயன்படுவது அமுக்க அளவே. மழை அளவு அன்று. எனவே பழைய மழைப் பதிவேடு கணிப்பைச் சோதிக்கும் நடுநிலைச் சாட்சியாகும். நீர்ப்பாசன அலுவலகத்து ஏடு, வயற்காரர் அவணக் கணக்கில் எழுதிய விளைச்சல், பள்ளிவாசல் குறிப்பு ஆகியவை ஓரிடத்து மாரியின் வரலாற்றைத் தாங்கி நிற்கலாம். கறையான் அரிக்குமுன் அவற்றைத் தேடி, நாளும் அளவும் பிழையாது படியெடுத்தல் கல்லூரி மாணவர்க்கு இயலும் பணியே. உலகம் முழுவதையும் கணிக்கும் மாதிரிக்குக் கீழ்க்கரையின் ஏட்டை வேறெவரும் கொண்டுவந்து கொடுக்கப்போவதில்லை.