கரிசலில் சக்கரத்தின் உயரம்

சென்ற ஐப்பசியில் நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சீர்செய்து கொண்டிருக்கிறாராம். "ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தலாம், எந்த அளவு டயர் போடலாம் ஐயா? கரிசல் காட்டுக்குள் சிக்காமல் போக வேண்டும்" என்று கேட்டார். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் நகைத்தோம். பிறகு எண்ணிப் பார்க்கையில், கோவில்பட்டி வட்டாரம் தலைமுறை தலைமுறையாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது என்று தோன்றியது.

கரிசல் மண்ணின் இயல்பை அறியாமல் அதன் வண்டிகளை அறிய இயலாது. நீரைக் குடித்து ஊதிப் பெருகும் களிமண் இதில் மிகுதி. கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ காலைப் பிடித்து இழுக்கும். ஒரே நிலம் ஆண்டுக்கு இருமுறை வேறு வேறு நிலமாகிறது. இவ்விரண்டுக்கும் ஒரே சக்கரம் செய்தாக வேண்டும்!

பாதையின் மேடு பள்ளத்துக்கு அஞ்சிய வண்டியோட்டிகளைச் சங்க இலக்கியத்திலேயே காண்கிறோம். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாடலில், உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் உதிரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்லும் செய்தி வருகிறது. அச்சு முறியும் என்பதை எதிர்பார்த்தே அவர்கள் புறப்பட்டார்கள்.

கரிசலூரின் பார வண்டிக்கு வருவோம். நடுவே குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டையின் மேல் பழுக்கக் காய்ச்சி இறக்கிய இரும்புப் பட்டை. இதுவே பைதா. இதன் குறுக்களவு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்தடி. அச்சு, சக்கரத்தின் நடுவில் இருப்பதால் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் நிற்கும். வரப்போ கல்லோ அதைத் தொடாது. தவிரவும், சிறிய சக்கரம் விழுந்துவிடும் வெடிப்பைப் பெரிய சக்கரம் பாலம்போல் கடந்துவிடும். உயரத்தின் பயன் இது.

ஆனால் பட்டையின் அகலமோ இரண்டங்குல அளவுதான். காய்ந்த மண்ணில் அது போதும். ஈரக் கரிசலில் முழுப் பாரமும் அந்தச் சிறு பரப்பின் மேல் இறங்குவதால் சக்கரம் கத்திபோல் மண்ணை அறுத்துக்கொண்டு அமிழும். ஆகவே மழை மாதங்களில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அந்நாள்களில் நோயாளியைக் கட்டிலில் கிடத்தி நால்வர் தோளில் சுமந்து சென்றதை நம் வீட்டு மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சக்கரத்தின் அளவு உயிரோடு தொடர்புடைய செய்தியாக இருந்த காலம் அது.

1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப் பாதை கோவில்பட்டி வழியாக ஓடத் தொடங்கியது. கருங்கண்ணிப் பருத்தி ஏற்றிய வண்டிகள் நிலையத்தை நோக்கித் திரும்பின. சாலையில் பாரம் கூடக்கூட, மண்ணை அறுத்த அதே பட்டை சாலையையும் அறுத்தது. இங்கிலாந்து இந்தச் சிக்கலை முன்பே கண்டது. 1753ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சுங்கச் சாலைகளில் செல்லும் பார வண்டிகளுக்கு ஒன்பது அங்குல அகலச் சக்கரத்தை வலியுறுத்தியது.

1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் ஆலை 1936இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் எழுந்தது. மாட்டு வண்டிக்கென்றே 6.00-19, 7.00-19, 8.00-19 என்னும் அளவுகளில் டயர்கள் வந்தன. முதல் எண் அகலத்தையும் இரண்டாவது உள்வளையத்தின் குறுக்களவையும் அங்குலத்தில் குறிக்கும். சாலையில் அதே மாடுகள் கூடுதல் பாரத்தை எளிதாக இழுத்தன. அகலத்தால் அமிழ்தலும் குறைந்தது. எனினும் சக்கரம் மூன்றடிக்குள் குறுகியதால் அச்சு ஒன்றரை அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. நம் சிறுவயதில், பைதா வண்டிகள் ஆழ உழுதிருந்த தடத்தில் இறங்கிய டயர் வண்டி அச்சு தட்டி நின்றதைக் கண்டிருக்கிறோம். சாலைக்கு வாங்கியது காட்டுக்கு உதவவில்லை.

இனி மாணவரின் ஜீப்பு. 1941இல் போருக்காக உருவான வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. குறுக்களவு ஏறத்தாழ 28 அங்குலம். அச்சின் நடு 14 அங்குல உயரத்தில். அதிலும் நடுவே தொங்கும் பற்சக்கரக் கூடு இன்னும் தாழ்ந்து, தரைக்கு எட்டங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும். ஸ்பிரிங்கை நான்கு அங்குலம் உயர்த்தினால் உடல்தான் உயரும். அந்தக் கூடு நகக்கண் அளவும் உயராது. அதை உயர்த்த வல்லது சக்கரம் ஒன்றே. டயரின் குறுக்களவில் இரண்டங்குலம் கூட்டினால் அச்சு ஓரங்குலம் உயரும். ஆதலால் முதலில் டயரைத் தேர்ந்து, அது மட்காப்பில் உரசாத அளவுக்கு மட்டுமே ஸ்பிரிங்கை உயர்த்துவது முறை. அதற்கு மேல் ஏற்றினால், வைக்கோல் ஏற்றிய வண்டி சரிவில் குடைசாய்வதுபோல் ஜீப்பும் சாயும். தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கும் கட்டுப்பாட்டையும் மறக்கலாகாது.

இவ்வளவும் கேட்ட மாணவர், "அப்படியானால் ஐப்பசியில் சிக்காமல் போய்விடலாமா ஐயா?" என்றார். "போக முடியாது தம்பி. டயரின் பள்ளங்களில் கரிசல் அப்பிக்கொண்டால் எந்த டயரும் வழவழப்பான உருளைதான். இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும்" என்றோம்.

கரிசலூரின் மழைக்காலச் சிறையை உடைத்தது உயரமான சக்கரமும் அன்று, அகலமான டயரும் அன்று. சரளை கொட்டிப் போட்ட சாலைதான். 2000ஆம் ஆண்டு இறுதியில் பிரதமரின் ஊரகச் சாலைத் திட்டம் தொடங்கியதும் அந்த வழியில்தான். சாலை வந்த ஊரில் சக்கரம் சிறுத்தது. பைதாக்கள் கொட்டகைச் சுவரில் சாய்ந்தன. உயரம் இன்று இளைஞரின் விருப்பம். நேற்று அது, சாலையில்லாத ஊர் தானே செய்துகொண்ட ஏற்பாடு. ஜீப்பை உயர்த்துமுன், சாய்ந்து கிடக்கும் அந்தப் பைதா ஒன்றின் அருகே சற்று நின்று அளந்து பார்க்குமாறு மாணவரிடம் சொல்லி அனுப்பினோம்.