நூறில் ஒரு பங்கு நொடிக்குப் பின்னால்

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை இழந்தது இன்றும் நம் வீடுகளில் பேசப்படுகிறது. அவருக்கு முன்னால் ஓடிய மூவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தங்கம் வென்ற நவால் எல் முத்தவாக்கில் மொராக்கோக்காரர். ஆனால் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக மாணவி. வெள்ளி வென்ற ஜூடி பிரவுன் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மூன்றாமவர், விளையாட்டை அரசே நடத்திவந்த ருமேனியாவைச் சேர்ந்த கிறிஸ்டியானா கோஜோகாரு. உஷாவோ 1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென்று தொடங்கிய விளையாட்டுப் பிரிவில் சேர்ந்து, ஓ.எம். நம்பியாரிடம் பயின்றவர். நால்வரையும் வளரும் வயதில் ஏதோ ஒரு நிறுவனம் தாங்கிப் பிடித்திருக்கிறது. பெண்கள் தடகளத்தின் வரலாற்றைத் தனித்திறமையின் கதையாக மட்டும் எழுதுவது பாதி உண்மைதான். பள்ளி முடிந்த பெண்ணுக்குச் சோறும் தங்குமிடமும் படிப்பும் பயிற்சியும் கொடுத்தது யார் என்பதுதான் மறுபாதி.

அமெரிக்கா பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்பார்கள். 1971-லும் அது பணக்கார நாடுதான். அப்போது அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இடையில் வந்தது 1972 ஜூனில் இயற்றப்பட்ட ஒரு சட்டம்: மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் வேறுபாடு காட்டக் கூடாது. விளையாட்டைப் பற்றி அந்த வாசகத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் கல்லூரிகள் பெண்களுக்கும் அணிகளையும் பயிற்சியாளர்களையும் உதவித்தொகையையும் தந்தாக வேண்டியதாயிற்று. கேரளத்தில் பணம் குறைவு; கண்ணூரில் முதலில் சேர்ந்தவர்கள் நாற்பது சிறுமிகள். அந்த நாற்பது பேரில் ஒருவர்தான் உஷா. அப்படியானால் செல்வத்தைவிட முடிவெடுப்பதே பெரிது.

தமிழகத்துக்கு விளையாட்டு அறிவு தாமதமாக வந்தது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். குறைந்தது அறிவல்ல; பெண்ணுக்கான இடம். நல்ல பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் மதுரை ரேவதி வீரமணியைக் காட்டுவார்கள். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், வெறுங்காலோடு ஓடியவர், டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். அவரைக் கண்டெடுத்த பயிற்சியாளர் கண்ணனின் உழைப்பு பெரிது. அந்தக் கண்ணனும் முதலில் தேடியது லேடி டோக் கல்லூரியில் ஓர் இடத்தையும் விடுதியையும்தான். அதன்பின் கைகொடுத்தது ரயில்வே வேலை.

இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கடலூர் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது, கால்பந்தில். 2004 சுனாமிக்குப் பிறகு ஆதரவற்ற சிறுமிகளுக்குக் கடலூரில் தங்குமிடமும் படிப்பும் பந்தும் ஒன்றாகக் கிடைத்தன. மாரியப்பன் பயிற்சி தந்தார். 2018-ல் தமிழக மகளிர் அணி மணிப்பூரின் நெடுங்கால ஆதிக்கத்தை உடைத்துத் தேசியக் கோப்பையை வென்றபோது அதில் கடலூர்ப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் இந்துமதி கதிரேசன் காவல்துறைப் பணியிலும் சேர்ந்தார்.

நிறுவனங்கள் கைவிடவும் செய்யும், இது வலுவான மறுப்பு. புதுக்கோட்டைச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சவுந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் பக்கம் நிற்க வேண்டியவர்கள் நிற்கவில்லை. அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அதிலிருந்து பெறும் முடிவு நிறுவனமே வேண்டாம் என்பதல்ல. வீராங்கனைக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் முறையிடும் இடமும் சட்டத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் பலமே அதை வைத்து ஒரு மாணவி நீதிமன்றம் போக முடிந்ததுதான்.

இந்தக் கணக்கில் அதே கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு நல்ல இடத்தில் இருக்கிறது. கிழக்கே சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வடக்கே 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம். ஒன்று படிப்புக்கு, மற்றது வேலைக்கு. வெள்ளாற்றங்கரைப் பள்ளி ஒன்றில் மாவட்டப் போட்டிக்கு ஓடும் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் திருமணப் பேச்சுக்குள் போகாமல் இந்த இரண்டில் ஒன்றுக்குள் ஓடி நுழைய வழி வேண்டும். விளையாட்டு ஒதுக்கீடும் மகளிர் விடுதிக் கட்டணமும் அந்த ஊர்ப் பெற்றோருக்குத் தெரிகிற மொழியில் பள்ளிப் பலகையில் எழுதப்பட வேண்டும்.