புகை என்னும் சொல்லும் அடைக்கப்பட்ட வால்வும்

கரமனையில் உள்ள ஒரு டீசல் பட்டறைக்கு நண்பருடன் சென்றிருந்தேன். அவருடைய பத்தாண்டுப் பழைய கார் இழுவை குறைந்திருந்தது. மெக்கானிக் காற்று உள்ளே செல்லும் குழாயைக் கழற்றிக் காட்டினார். தார்போல் இறுகிய கரி பாதிக் குழாயை அடைத்திருந்தது. “இ.ஜி.ஆரை அடைத்துவிடலாம், ஒரு தகடு போதும், புக டெஸ்டும் பாஸாகும்” என்றார். அக்கூற்றின் பிற்பாதி என்னைப் பல நாள் விடவில்லை. மாசைக் குறைக்கும் கருவியை முடக்கிய வண்டி மாசுப் பரிசோதனையில் தேறுவது எங்ஙனம்?

இ.ஜி.ஆர். என்பது எஞ்சின் வெளியேற்றும் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஏற்பாடு. அதனால் எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. ஆனால் ஆக்சிஜன் குறைவதால் கரி மிகுகிறது. வால்வை அடைத்தால் இதன் நேர்மாறு நிகழும்: கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு பெருகும். நம் நாட்டுச் சான்றிதழ்ப் பரிசோதனையோ டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. பி.எஸ்.4 வண்டிக்கு மீட்டருக்கு 1.62 என்பது வரம்பு. நைட்ரஜன் ஆக்சைடை அளக்க அங்கே கருவியே இல்லை. மெக்கானிக் சொன்னது முற்றிலும் உண்மை.

மொழியியல் பயின்ற எனக்கு இதில் ஒரு வியப்பு. சான்றிதழின் பெயரில் இருப்பது ‘மாசு’. மக்கள் வழக்கில் இருப்பதோ தமிழில் ‘புகைப் பரிசோதனை’, மலையாளத்தில் ‘புக பரிசோதன’. பேச்சு வழக்கு பொருளைச் சுருக்கிவிட்டது என்று குறை கூறுவோம். இங்கே சட்டத்தின் சொல்லைவிட வழக்குச் சொல்லே துல்லியமானது.

இம்முடக்கத்தின் வரலாறு பட்டறைகளில் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தையொட்டி, 1973 மாடல் கார்களில் இ.ஜி.ஆர். பரவலானது. அதே ஆண்டில், குறிப்பிட்ட வெப்பநிலையில் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் பகுதிகளை நிறுத்திவிடும் விசைகளைப் பொருத்தியதாக வோக்ஸ்வாகன்மீது குற்றச்சாட்டு எழுந்தது. நிறுவனம் 1,20,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. 2015இல் வெளிப்பட்டதும் அதே நிறுவனத்தின் செயலே. இ.ஏ.189 எஞ்சினின் மென்பொருள், ஆய்வகச் சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது இ.ஜி.ஆரை முழு அளவில் இயக்கியது. சாலைக்கு வந்ததும் குறைத்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள்! இந்தியாவில் மட்டும் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் அறிவித்தது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நியமித்த குழு, இவ்வண்டிகள் 2016இல் டெல்லியில் 48.678 டன் நைட்ரஜன் ஆக்சைடைக் கூடுதலாக உமிழ்ந்ததாகக் கணக்கிட்டது. உடல்நலக் கேட்டின் மதிப்பு ரூ.171.34 கோடி. அக்கணக்கில் திருவனந்தபுரத்துக்கு இடமில்லை. 2019 மார்ச்சில் தீர்ப்பாயம் விதித்த ரூ.500 கோடி அபராதத்தை வசூலிக்கும் நடவடிக்கைக்கு, இரண்டே மாதங்களில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

கேரளம் இச்சிக்கலை வேறு வழியில் அணுகியது. 2016 மே மாதம் இதே தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு நகரங்களில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. உயர் நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. அவ்வாணை பார்த்தது வண்டியின் வயதையே. வால்வு திறந்திருக்கிறதா என்பதையன்று. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று வண்டியை மாற்றலாகாது என மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கியது. உரிமையாளருக்கான விதி அது. தயாரிப்பாளரே வகுத்த அமைப்பு ஏமாற்றுவதாயின் என்ன செய்வது?

ஐரோப்பிய நீதிமன்றம் அக்கேள்விக்கு வந்து சேர 2022 ஜூலை ஆயிற்று. மோசடியைத் திருத்துவதாகச் சொல்லி நிறுவப்பட்ட புதிய மென்பொருளும் 15 முதல் 33 பாகை செல்சியசுக்கு உட்பட்டே இ.ஜி.ஆரை முழுமையாக இயக்கிற்று. அதுவும் சட்டவிரோத முடக்கமாகலாம் என்றது நீதிமன்றம். மார்ச் மாதப் பிற்பகல்களில் நம் நகரத்து வெயில் 33ஐத் தாண்டுவதை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நண்பர் தகடு வைக்கவில்லை. வால்வையும் குழாயையும் கழுவிப் பொருத்தச் சொன்னார். அதற்குச் செலவு பல மடங்கு. புகைப் பரிசோதனையில் அவருடைய வண்டி தேறியது, வரம்பை ஒட்டி.