பாதை ஒன்று, நீதி இரண்டு

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த சயாம் மரண இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் அதை முடித்தார்கள். ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழர்கள் பல்லாயிரம் பேரும் அங்கே உழைத்தார்கள். காலரா ஆள் பார்த்துத் தாக்கவில்லை. போருக்குப் பிறகு வந்த இழப்பீடுதான் ஆள் பார்த்தது.

1951 சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16-வது விதி முன்னாள் போர்க்கைதிகளுக்கு இழப்பீடு தந்தது. சீருடை இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு வழங்க ஒப்புக்கொண்ட 2.5 கோடி வெள்ளி உதவியும் அரசாங்கத்துக்கே போனது.

சீருடை அணிந்தவர்களிலும் பேதம் இருந்தது. 2000-ல் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் கைதியாக இருந்து உயிரோடிருப்பவர்களுக்கு ஆளுக்கு 10,000 பவுன் அறிவித்தது. அன்று இந்திய இராணுவத்தில் இருந்தவர்கள் என்று சொல்லி கூர்க்காக்களை விலக்கியது. கூர்க்காக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த விலக்கின் வேர் இனபேதம் என்று 2002-ல் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கூர்க்காக்களின் பெயர்கள் படைப் பதிவேட்டில் இருந்தன. நம்மவருக்கு? காஞ்சனாபுரி மயானத்தில் ஏறக்குறைய 7,000 போர்வீரர்களுக்குக் கல்லறைகள் உள்ளன. மாண்ட தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

உலு யாம் முதல் கோலசிலாங்கூர் வரை, சயாமுக்குப் போன தாத்தாவின் கதை உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள். பெயர் இல்லாதவருக்காக எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பது?