தையற்பொறியும் தவணைப் பணமும்

கண்டி நகரின் மத்திய சந்தையை அடுத்துள்ள தெருக்களில் நடந்து செல்வோர், புடைவைக் கடை வாயில்களிலும் மாடிப்படிகளின் கீழும் அமர்ந்து காற்சட்டை மடிப்புத் தைத்துக் கொடுக்கும் தையற்காரரைக் கண்டிருப்பர். அவர்களுட் பலரின் முன்னே இருப்பது கறுத்த இரும்புப் பொறி. அதன் கழுத்தில் பொன்னெழுத்தாற் பொறிக்கப்பட்ட கம்பனிப் பெயர் பாதி தேய்ந்திருக்கும். சக்கரமோ இன்னும் ஓசையின்றிச் சுழலும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, குளிர்சாதனப் பெட்டிகளும் கணினிகளும் ஓய்ந்து கிடந்த அத்தெருக்களில் ஓய்வறியாது உழைத்தவை இக்கால்மெஷின்களே என்பதை நாம் கண்ணாற் கண்டோம்.

அதே காலத்தில் எமது இல்லத்திலும் ஒரு பொறி ஓய்ந்து கிடந்தது. ஆனால் மின்வெட்டு அதற்குக் காரணமன்று. தரத்தில் முதலிடம் என்று புகழப்படும் ஒரு கம்பனியின் சலவை இயந்திரம் அது; கம்பனியின் பெயர் இங்கு வேண்டா. இரு ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. உத்தரவாதக் காலம் முடிந்து நான்காம் மாதம் நின்றது. தொலைபேசியில் முறைப்பாட்டு இலக்கம் ஒன்று கிடைத்தது. அவ்விலக்கத்தைச் சொல்லிச் சொல்லி மூன்று வாரம் கழித்தபின் ஓர் இளைஞர் வந்தார். பின்பலகையைக் கழற்றிப் பார்த்து, "போர்டு போய்விட்டது, சேர்; மாற்றத்தான் வேண்டும்" என்றார். போர்டு நாட்டில் இல்லை, இறக்குமதிக் கட்டுப்பாடு. வந்தாலும் அதன் விலை இயந்திர விலையிற் பாதியைத் தாண்டும். திருத்த முடியாதா என்று கேட்டோம். "எங்களுக்குக் கழற்றி மாட்டத்தான் பழக்கியிருக்கிறார்கள், சேர். திருத்தப் பழக்கவில்லை" என்றார் அவர். அப்பிள்ளை மீது எமக்குச் சினம் எழவில்லை. எம்மிடம் படித்து வெளியேறிய மாணவருட் பலர் இன்று இத்தகைய வேலைகளிலேயே இருக்கின்றனர்.

இதனைக் கேள்வியுற்ற முதியோர் வழக்கம்போல் ஒரு தீர்ப்பு வழங்கினர்: அந்தக் காலத்துக் கம்பனிகளுக்கு நாணயம் இருந்தது, இந்தக் காலத்துக் கம்பனிகளுக்கு அது இல்லை. இத்தீர்ப்பைக் கேட்டுத் தலையசைப்பது எளிது. எனினும் கம்பனிகளுக்கு நாணயம் என்ற ஒன்று எக்காலத்திலாவது இருந்ததா, இருந்தால் எதனால் இருந்தது என்று வினவுவது வரலாறு கற்பிப்போர் கடமையன்றோ? அதற்குத் தையற்பொறியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

தையற்பொறியைக் கண்டுபிடித்தவர் ஒருவரல்லர். பிரான்சிலே திமோனியே என்ற ஏழைத் தையற்காரர் 1830இல் உரிமம் பெற்ற பொறியை, தம் பிழைப்புப் போய்விடும் என்றஞ்சிய சக தையற்காரரே உடைத்தெறிந்தனர். அமெரிக்காவில் இலியாஸ் ஹோ 1846இலும், ஐசக் மெரிற் சிங்கர் 1851இலும் உரிமம் பெற்றனர். உரிமங்களை வைத்திருந்தோர் ஒருவர்மீதொருவர் வழக்காடிக் களைத்து, 1856இல் அவற்றையெல்லாம் ஒரே கூட்டுக்குள் வைத்து உலகத்திடம் வாடகை வசூலிக்கலாயினர். மார்க்ஸ் தமது "மூலதனம்" முதற் பாகத்திலே இப்பொறிக்குத் தனி இடம் கொடுத்து ஆராய்ந்திருப்பது மனங்கொளத்தக்கது. ஆடைத் தொழிலில் வீட்டிலிருந்து உழைத்த பெண்களையும் சிறுமியரையும் அது எவ்வாறு தாக்கியது என்பதை அவர் விரித்துரைத்துள்ளார்.

ஆயினும் சிங்கர் கம்பனியின் உண்மையான கண்டுபிடிப்பு ஊசியிலன்று, கணக்குப் புத்தகத்திலேயே நிகழ்ந்தது. பொறியின் விலை நூறு டொலருக்கு மேல். சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமோ ஏறத்தாழ ஐந்நூறு டொலர். சிங்கரின் பங்காளியான எட்வேட் கிளார்க் என்ற வழக்கறிஞர் 1856இல் ஒரு வழி கண்டார். சிறுதொகையை முன்பணமாகக் கொடுத்துப் பொறியை வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். எஞ்சியதை மாதந்தோறும் கட்டலாம். கடைசித் தவணை கட்டி முடியும்வரை பொறி கம்பனிக்கே சொந்தம். இன்று உலகெங்கும் வழங்கும் தவணைமுறை விற்பனை பெருவழக்காகப் பரவியது இங்கிருந்துதான்.

இம்முறைக்கு ஆள் வேண்டும். வீடு வீடாகச் சென்று பொறியை விற்கவும், பெண்களுக்குத் தையல் பழக்கவும், மாதந்தோறும் பணம் தண்டவும், பொறி நின்றால் ஓட வைக்கவும் முகவர் படையொன்றைக் கம்பனி நாடு நாடாக அமைத்தது. பணம் தண்ட வருபவரும் பழுது பார்க்க வழிசெய்பவரும் ஒருவரே என்பதுதான் இங்கு உயிர்நிலை. பொறி நின்றால் தையல் நிற்கும். தையல் நின்றால் தவணை நிற்கும். எனவே பொறி ஓட வேண்டுமென்பதில் வாங்கியவளுக்கு எவ்வளவு அக்கறையோ அவ்வளவு அக்கறை விற்றவனுக்கும் இருந்தது. முதியோர் நாணயம் என்று போற்றுவது பெரும்பாலும் இதைத்தான். கடன் கொடுத்தவன் தன் ஈட்டுப் பொருளை எண்ணெயிட்டுப் பாதுகாத்தான் என்பதற்கு மேல் அதில் அறம் எதுவும் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. தவணை தவறியபோது அதே முகவர் அதே பொறியைத் தூக்கிச் சென்றார் என்பதையும் மறத்தலாகாது. பத்துத் தவணை கட்டிவிட்டுப் பதினோராவதிற் பொறியை இழந்த பெண்ணுக்கு அக்காலத்து நாணயம் வேறு விதமாகவே தெரிந்திருக்கும். இலங்கையிலே இவ்வகைக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்தும் நுகர்வோர் கடன் சட்டம் 1982இலேதான் இயற்றப்பட்டது.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அவ்வாண்டு எத்தகைய ஆண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைந்திருந்தன. கண்டியைச் சூழ்ந்த மலைகளெல்லாம் கோப்பி. அதன் இலைகளில் 1869இலே காணப்பட்ட நோய் உள்ளூர அரித்துக் கொண்டிருந்தது. கடலுக்கப்பால் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்ட, உயிர் பிழைக்க வழி தேடிய தமிழ் மக்கள் பெருந்தொகையாகத் தோணியேறி, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையுள்ள காட்டுவழியே கால்நடையாக வந்து சேர்ந்தனர். வழியில் மாண்டோர் பலர். மாற்றுச் சேலை இல்லாத அம்மக்கள் வந்திறங்கிய அதே ஆண்டில்தான், துணி தைக்கும் அமெரிக்கப் பொறியும் இத்தீவில் வந்திறங்கியது.

பொறி முதலிற் சென்ற இடம் அவர்கள் வாழ்ந்த லயங்களன்று. நகரத்துத் தையற்கடைகளுக்கும் வசதியுள்ள இல்லங்களுக்கும் சென்றது; சீதனப் பட்டியலிலும் ஏறியது. மாதச் சம்பளமும் நிலையான முகவரியும் உள்ளவரே தவணைக்குத் தகுதியானவர். ஆகவே தோட்டத்திற் கணக்கப்பிள்ளை வீட்டிலும் பெரியகங்காணி வீட்டிலும் அது இருந்ததென்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். பின்னர் லயத்துக்கு ஒருவர் இருவரென்று தையற்காரர் தோன்றினர். தீபாவளி முற்பணம் கிடைத்ததும் அவர்கள் வீட்டு வாயிலில் துணி குவியும். இரவு முழுவதும் குப்பி விளக்கொளியில் சக்கரம் சுழலும். எம் பாட்டியாரின் கைமெஷினும் இவ்வாறு உழைத்ததே. ஒரு கையாற் சக்கரத்தைச் சுற்றி மறு கையாற் துணியை நகர்த்தி அவர் தைத்த சட்டைகளை அணிந்தே எம் தந்தையார் பள்ளி சென்றார்.

யந்திர நாகரிகத்தைக் கண்டித்த காந்தியடிகளும் இப்பொறிக்கு விலக்களித்தார். 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில், மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு பொறாத அன்பினால் சிங்கர் இதனைச் செய்தார் என்று அவர் கூறினார். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து கண்டியிலும் மக்களைச் சந்தித்தார். அன்பின் விளைவே பொறி என்ற அக்கதை இனியதுதான். ஆனால் பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையாகி, ஊர்ப்பழிக்கஞ்சி நியூயோர்க்கை விட்டகன்ற சிங்கரின் வாழ்க்கைக்கு அது எள்ளளவும் பொருந்தாது.

எம் பாட்டியாரின் பொறியில் உள்ள தொடரெண் 'வை' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. 1920களுக்கும் 1930களின் முற்பாதிக்கும் இடையில் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் வார்க்கப்பட்டது அது என்பது அவ்வெழுத்தினாற் புலனாகும். 1885இல் முழுமை பெற்ற அவ்வாலை உலகின் மிகப் பெரிய தையற்பொறி ஆலையாக விளங்கியது. 1913 அளவில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொறிகளை வெளியனுப்பியது. பாட்டியாரின் பொறி நூறாண்டு ஓடுவதற்குக் காரணம் கம்பனியின் பெயரா, அவ்வாலையில் உழைத்தோரின் கைகளா? 1911 மார்ச்சில் அங்கே மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் பெண்கள் பதினைவரில் மூவரை நீக்கி, அவர்களின் வேலையையும் எஞ்சிய பன்னிருவர் மீது சுமத்தினர் மேலாளர். பன்னிருவரும் வேலையை நிறுத்தினர். சில நாட்களில் ஏறத்தாழப் பதினோராயிரம் தொழிலாளர் அவர்களோடு வெளியேறினர். மூன்று வாரத்திற் போராட்டம் முறியடிக்கப்பட்டது. பின்னர் முன்னணியில் நின்ற சுமார் 400 பேர் வேலையிழந்தனர். அவர்களுள் ஒருவரான ஆர்தர் மக்மானஸ், 1920இல் அமைந்த பிரித்தானியக் கம்யூனிஸ்ற் கட்சியின் முதல் தலைவரானார். நாணயமுள்ள கம்பனி என்று நம் முதியோர் போற்றியதன் மறுபக்கம் இது.

வீழ்ச்சி எவ்வாறு வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பானிய ஆலைகள் சிங்கரின் 15ஆம் வகைப் பொறியை மாதிரியாகக் கொண்டு, எந்த ஆலையின் உறுப்பும் எந்தப் பொறியிலும் பொருந்துமாறு ஒரே அளவில் செய்து மலிவாக விற்றன. சிங்கர் கம்பனி இதற்கு விடையாகப் பொறியைச் செம்மைப்படுத்தவில்லை. பணத்தை வேறு திசையிற் செலுத்தியது. 1963இல் கணிக்கும் பொறி செய்யும் பிரைடன் கம்பனியை வாங்கியது. 1968இல் இராணுவக் கருவிகள் செய்யும் ஜெனரல் பிரிசிஷனை வாங்கியது. அதே பத்தாண்டில் அதன் புதிய தையற்பொறிகள் பலவற்றில் உருக்குப் பற்சக்கரத்தின் இடத்தை நைலோன் சக்கரம் பிடித்தது. காலப்போக்கில் அது வெடித்து உதிரும் என்பதைப் பழுதுபார்ப்போர் எல்லா நாட்டிலும் அறிவர். 1975இல் வணிக இயந்திரப் பிரிவை மூட நேர்ந்து, கம்பனி நாற்பது கோடி டொலருக்கு மேல் நட்டங் காட்டியது. 1980இல் கிளைட்பாங்க் ஆலை மூடப்பட்டது. 1986இல் தையற்பொறி வணிகத்தையே கம்பனி தன்னிலிருந்து பிரித்துவிட்டது. அதன்பின் அப்பெயரை ஒருவர் வாங்க மற்றொருவர் விற்க, 1999இல் வங்குரோத்து மனுவும் தாக்கலாயிற்று. ஆலையும் தொழிலாளியும் மறைந்த பின்னும் பெயருக்கு விலை இருந்தது! மக்களின் நூற்றாண்டு நம்பிக்கை அப்பெயரிலே சேமிப்பாகக் கிடந்தது. வாங்கியவரெல்லாம் அச்சேமிப்பையே வாங்கினர்.

இலங்கையிலே அப்பெயர் வேறொரு வாழ்வு வாழ்ந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி என்று எல்லாம் விற்கும் பெருங்கடையாக வளர்ந்து, 2017இல் ஹேலீஸ் நிறுவனத்தின் வசமாயிற்று. அதன் குளிர்சாதனப் பெட்டி ஆலைக்கு ரெக்னிஸ் என்று பெயர். ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் சிங்கர் என்று வரும். மாணவர்க்குச் சொன்னால் மகிழ்வர்.

1977க்கு முந்திய ஆண்டுகளை எண்ணிப் பார்க்கின்றோம். இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த அந்நாட்களில் புதுப்பொருள் கிடையாது. ஆகவே எப்பொருளும் எறியப்படவில்லை. கண்டி, கம்பளை, மாத்தளை எங்கும் 'மெஷின் பாஸ்' என்று சிங்களவராலும் தமிழராலும் ஒருங்கே அழைக்கப்பட்ட திருத்துநர் இருந்தனர். கடைசல் பட்டறையில் உறுப்பைக் கடைந்து பொருத்திவிடுவர். அப்பற்றாக்குறைக் காலத்தைப் பொற்காலமென்று கூற நாம் முன்வரோம். பாணுக்கு வரிசையில் நின்ற மக்கள் எம்மை மன்னியார். 1983 ஜூலையிலே கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தபோது அத்தகைய பட்டறைகளும் தையற்கடைகளும் தப்பவில்லை. கைத்தொழில் அறிந்தோர் சிலர் ஊரைவிட்டே அகன்றனர். பின்னர் 1990களில் கிராமந்தோறும் ஆடை ஆலைகள் எழுந்தன, பல்லேகலையிலும் எழுந்தன. முன்பு தன் பொறியில் தைத்த பெண்ணின் பேத்தி இன்று ஆலையின் பொறியில், மணித்தியாலத்துக்கு இத்தனை என்ற இலக்குக்குத் தைக்கிறாள். பொறி பழுதானால் மெக்கானிக் ஓடோடி வருகிறார். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முதலாளிக்கு நட்டம். அவள் வீட்டுச் சலவை இயந்திரம் நின்றால் எவருக்கும் நட்டமில்லை. அதன் விலை கடனட்டை வழியே கம்பனிக்கு முன்னரே சேர்ந்துவிட்டது; தவணை வங்கிக்குரியது; பொருள் ஓடினாலும் நின்றாலும் வங்கிக்கு ஒன்றே. எம் வீட்டுக்கு ஆள் வர மூன்று வாரம் சென்றதன் மருமம் இதுதான் போலும்.

இன்னொன்று. பாட்டியாரின் கைமெஷின் பழைய ஓடத்தறி வகை. அதற்கு உறுப்பு அரிது. ஆனால் 15ஆம் வகைப் பொறி வைத்திருப்போர்க்கு இன்றும் கவலையில்லை. உரிமம் காலாவதியாகி அவ்வமைப்பு எல்லோர்க்கும் பொதுவாயிற்று. இந்தியாவின் உஷாவும் சீனத்தின் பட்டர்பிளையும் அதே அளவிற் செய்தன. பொபின் கூடும் ஊசிப்பிடியும் கண்டிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. செய்த கம்பனி கைவிட்ட பின்னும் பொறியைக் காப்பாற்றி வருவது, எவருக்கும் சொந்தமல்லாத அந்த அளவுதான். எமது சலவை இயந்திரத்தின் போர்டோ அதே கம்பனியின் அடுத்த ஆண்டு மாதிரிக்குக்கூடப் பொருந்தாதாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கெனச் சட்டமொன்றை நிறைவேற்றியது. உத்தரவாதம் முடிந்த பின்னும் குறித்த சில பொருள்களை நியாய விலையிற் திருத்தித் தரும் கடப்பாட்டை அது உற்பத்தியாளர்மீது சுமத்துகிறது. எமது நாட்டிலே நுகர்வோர் அதிகார சபை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றது. அங்கு முறையிடலாமென நண்பர் ஒருவர் கூறினார், முறையிட்டுள்ளோம்.

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவரிடம், வீட்டிலுள்ள பழைய தையற்பொறிகளின் தொடரெண்ணைக் குறித்து வரச் சொன்னோம். பன்னிரண்டு எண்கள் வந்தன. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் எண்ணைக் கொண்டு வரவில்லை. பொறியின் தலையையே துணியிற் சுற்றித் தந்தையாரின் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்தாள். மேசைமேல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள்; ஊசி ஏறி இறங்கியது. அடிப்பலகையில் யாரோ ஆணியாற் கீறிய தமிழ் எண்கள் இருந்தன. தவணைக் கணக்காக இருக்கலாம். ஒன்பது வரை வந்து நின்றிருந்தது.